நோட்டில் ஒட்டாத செய்திகள்

கோத்தகிரிக்கு அருகே அரவேணுப் பகுதியிலிருந்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்கு வயது 68. கணவர் காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், சாலையிலிருந்து படி இறங்கிப் போகும் வீட்டில் தனியாக இருக்கிறேன். காலையில் வரும் இரண்டு நாளிதழ்களிலும் கொலை, கொள்ளைச் செய்திகளைத்தான் முதலில் தேடுகிறேன். படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படிக்கிறேன். அவர் இருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். அப்போதெல்லாம் இந்தப் பயம் இல்லை. பல்லடம், சிவகிரி கொலைகளுக்குப் பிறகு மாலை ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறேன். மூன்று தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். இரவில் நான்கைந்து முறை எழுந்து பார்க்கிறேன். காலை நடையையும் நிறுத்திவிட்டேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. போன வாரம் கொய்யா மரத்துக்குக் கரடி வந்தது, விளக்கைப் போட்டு உள்ளிருந்தே தட்டைத் தட்டியதும் போய்விட்டது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் ஜார்க்கண்ட் பையன் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தான். ஜன்னலைக்கூடத் திறக்காமல் 'போ' என்று கத்திவிட்டேன். அவன் போன பிறகு அழுதேன். மகன் பேப்பரை நிறுத்தச் சொல்கிறான். நிறுத்திவிடவா? எனக்கு மனநோயா, இல்லை நாடே இப்படிக் கெட்டுவிட்டதா? நான் நோட்டில் வெட்டி ஒட்டி வைத்திருக்கும் செய்திகளின் நகலை இணைத்திருக்கிறேன்."

டீச்சர், வணக்கம்.

கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு, நீங்கள் அனுப்பியிருந்த நகல்களைக் கையில் எடுத்தேன். நேற்று மாலை நோயாளிகள் எல்லோரும் போன பிறகு பென்சிலும் வெள்ளைத் தாளுமாக உட்கார்ந்தேன்; ஒன்றுவிடாமல் பார்த்து முடிக்க ஒன்பது மணி ஆகிவிட்டது. ஒவ்வொரு செய்தியும் ஓரம் பிசிறாமல் வெட்டப்பட்டிருக்கிறது. மேலே தேதி, பக்க எண். சில வரிகளுக்கு அடிக்கோடு. விடைத்தாள் திருத்திப் பழகிய கை என்பது பார்த்ததுமே தெரிகிறது. நீங்கள் அடிக்கோடிட்ட சொற்களை மட்டும் தனியே எழுதிப் பார்த்தேன்: 'தனியாக வசித்து வந்த', 'பட்டப்பகலில்', 'மர்ம நபர்கள்', 'வலைவீசித் தேடி வருகின்றனர்'. உங்கள் பயம் எந்தச் சொற்களில் குடியிருக்கிறது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மொத்தம் 61 செய்திகள். அவற்றில் 22 இரண்டே இரண்டு சம்பவங்களைப் பற்றியவை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் பெற்றோரும் மகனும் கொல்லப்பட்டது ஒன்று. 2025 மே மாதத் தொடக்கத்தில் தெரியவந்த, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே முதிய தம்பதியின் கொலை மற்றொன்று. நீலகிரியில் நடந்தவை என்று பார்த்தால் ஐந்து செய்திகள்தான். அந்த ஐந்தில் மூன்று கோடநாடு வழக்கின் விசாரணை பற்றியவை. கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி ஒருவர் கொல்லப்பட்டது 2017 ஏப்ரலில், ஓர் இரவில். அந்த ஓர் இரவு வருடக்கணக்காக நம் பேப்பர்களில் வந்துகொண்டே இருக்கிறது. விசாரணையைத் தொடர்ந்து எழுத வேண்டியது நாளிதழின் கடமை; அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் உங்கள் நோட்டில் அது புதிதாக ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேதி வாரியாகப் புரட்டினால் வாரந்தோறும் யாரோ கொல்லப்படுவது போலிருக்கிறது. சம்பவ வாரியாக நான் பிரித்துப் பார்த்ததில் பட்டியல் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

அடுத்து, நோட்டில் இல்லாதவற்றைத் தேடினேன். சிவகிரி கொலையில் அதே மே மாதத்துக்குள் ஆட்களைப் பிடித்தார்கள். பல்லடம் கொலைகளையும் செய்தவர்கள் அவர்கள்தான் என்று காவல்துறை அறிவித்தது. அந்தச் செய்தி எல்லா நாளிதழ்களிலும் பெரிதாகவே வந்தது. உங்கள் நோட்டில் இல்லை. அதே மே மாதம் 13ஆம் தேதி, பொள்ளாச்சி பாலியல் வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்துக் கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் பக்கச் செய்தி. அதுவும் உங்கள் நோட்டில் இல்லை. 61 செய்திகளில் தீர்ப்பு என்று ஒன்றுகூட இல்லை, டீச்சர். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பயந்த மனம் அடுத்த ஆபத்து எங்கே என்று தேடும். தீர்ந்துபோன ஆபத்தில் அதற்கு வேலை இல்லை. அது உங்களைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது. ஆனால் காவல்துறை பிடித்துக் கொண்டுபோன ஆட்களுக்குப் பயந்து நீங்கள் பல இரவுகள் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பேப்பர் பொய் சொல்கிறதா என்றால், இல்லை. நடந்ததைத்தான் எழுதுகிறார்கள். சிக்கல் முதல் நாள் செய்தியில் இருக்கிறது. சம்பவம் நடந்த அன்று இரவு, காவல் நிலையத்தில் கிடைக்கும் முதல் தகவலை வைத்து, அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் நிருபர் எழுதியாக வேண்டும். யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் 'மர்ம நபர்கள்'. 'இதனால் அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது' என்று செய்தி முடிந்துவிடும். தமிழ்ப் பாடம் நடத்திய உங்களுக்குத் தெரியும், 'மர்ம' என்ற சொல் 'இன்னும் தெரியவில்லை' என்பதோடு நிற்காது. இருட்டில் யாரோ நிற்பது போன்ற ஒரு படத்தையும் சேர்த்தே கொடுத்துவிடும். நான்காம் நாள், செய்தவர் பங்காளி என்றோ, வட்டிக்குக் கொடுத்த பணத் தகராறு என்றோ, வீட்டு நிலவரம் தெரிந்த ஆள் என்றோ தெரியவரும். அது பெரும்பாலும் உள்பக்கத்தில் பத்து வரி. படிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிடுவோம். முதல் நாள் பயம் மட்டும் மனத்தில் தங்கிவிடும்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. லிண்டா ஹீத் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, நாளிதழ்களின் குற்றச் செய்திகளுக்கும் வாசகர்களின் பயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. தன் ஊரில் நடந்த குற்றம், கொடூரமானது, யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தோன்றுவது: இப்படிப்பட்ட செய்திகளை அதிகம் வெளியிடும் நாளிதழின் வாசகர்களிடம் பயம் அதிகமாக இருந்தது. அதே வகைக் குற்றங்கள் வெளியூரில் நடந்ததாகப் படித்தவர்களுக்குப் பயம் குறைந்திருந்தது. 'நம் ஊர் பரவாயில்லை' என்ற எண்ணம். உங்கள் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று யோசித்தேன். பல்லடம் உங்கள் வீட்டிலிருந்து மலையிறங்கி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சிவகிரி அதற்கும் அப்பால். ஆனால் நம் மலைக்கு வரும் பேப்பர் கோவையில் அச்சாகி மேட்டுப்பாளையம் வழியாக விடியற்காலையில் ஏறி வருகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி எல்லாம் ஒரே கட்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் மகள் வேறு திருப்பூரில் இருக்கிறாள். 'தோட்டத்து வீடு' என்ற சொல் பல்லடத்துக்காரர்களுக்குத் தென்னந்தோப்பு நடுவில் இருக்கும் வீடு. உங்களுக்குத் தேயிலைத் தோட்டத்து ஓரம். ஒரே சொல், ஒரே வயது, ஒரே தனிமை. நூறு கிலோமீட்டர் மறைந்துபோய், சம்பவம் உங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டது.

இப்போது கரடிக்கு வருகிறேன். உங்கள் கடிதம் மொத்தம் ஒன்பது பக்கம். வராத திருடர்களைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வந்தே போன கரடியைப் பற்றி ஒரே வாக்கியம். பயத்தின் சாயல்கூட அதில் இல்லை. சமவெளியிலிருந்து யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்திருந்தால் அன்றே பஸ் ஏறியிருப்பார்கள்!

உங்களுக்கு ஏன் பயமில்லை? கரடியை உங்களுக்குத் தெரியும். பழத்துக்கு வரும், கோயில் விளக்கின் எண்ணெய்க்கு வரும் என்று தெரியும். அந்தி சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் தேயிலைப் புதருக்குள் ஒற்றையடிப் பாதையில் போகக் கூடாது என்று தெரியும். குட்டியோடு இருந்தால் எத்தனை ஆபத்து, என்ன செய்ய வேண்டும், வனத்துறைக்கு எப்போது சொல்ல வேண்டும், எல்லாம் தெரியும். காட்டெருமை வழியில் நின்றால் ஒதுங்கி நின்று அதைப் போகவிடுவீர்கள். இதெல்லாம் பேப்பரில் படித்துக் கற்றது இல்லை. பார்த்து, கேட்டு, நாற்பது வருடம் இந்த மண்ணில் நடந்து கற்றது. அதனால்தான் விளக்கைப் போட்டுத் தட்டைத் தட்டிவிட்டு உங்களால் தூங்கப் போக முடிந்தது. உங்களிடம் தைரியம் குறையவில்லை. திருடனைப் பற்றி உங்களுக்குக் கிடைத்திருப்பவை தலைப்புகள் மட்டுமே. கரடியைப் பற்றி உங்களுக்கு அறிவு இருக்கிறது. உங்களை வாட்டும் பயத்தைக் கரடிக்கு நீங்கள் வைத்திருக்கும் ஜாக்கிரதையாக மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த சிகிச்சை இதுதான்.

சர்க்கரையைப் பற்றியும் ஒரே வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அப்படி விட முடியாது. 1979இல் பார்பரா கோம்ப்ஸ், பால் ஸ்லோவிக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் இரண்டு ஊர்களின் நாளிதழ்களை எடுத்து, எந்த மரணத்துக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். நோய்கள் கொலைகளைவிட ஏறத்தாழ நூறு மடங்கு உயிர்களை எடுத்தன. ஆனால் கொலைகளைப் பற்றி வந்த செய்திகள் நோய்களைப் பற்றியவற்றைப் போல மூன்று மடங்கு. நீரிழிவால் இறந்தவரைப் பற்றி யார் தலைப்புப் போடுவார்கள்? நம் நாட்டுக் கணக்கையும் சொல்கிறேன். 2022இல் இந்தியா முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. இது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. அதே வருடம் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். ஆனாலும் மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில், நாம் எல்லோரும் நிம்மதியாகக் கண்ணயர்கிறோம். கொலையுண்ட ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் உயிர். எண்ணிக்கை குறைவு என்று சொல்லி அந்தத் துயரத்தைச் சிறிதாக்க மாட்டேன். நீங்கள் நடையை நிறுத்தியதைப் பற்றித்தான் பேசுகிறேன். வராத ஆளுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்ததில், ஏற்கெனவே உடம்பில் இருக்கும் நோய் வளர்ந்திருக்கிறது. நாளை காலையே, பனி விலகி வெயில் வந்த பிறகு, சாலைவரை படி ஏறிப் போய் வாருங்கள்.

அதற்காக, பயமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தனியாக, சாலைக்குக் கீழே இருக்கும் வீடு. ஆதாயக் கொலைகள் நடக்கத்தான் செய்கின்றன. நகைகளை வங்கி லாக்கரில் வையுங்கள். வீட்டில் நகை இல்லை என்பது அக்கம்பக்கம் தெரியட்டும். வாசலிலும் பின்பக்கமும் நல்ல விளக்கு வேண்டும். கரடிக்கும் அது உதவும். காவல் நிலையத்துக்கு ஒருநாள் பகலில் நேரில் போய், தனியாக வசிக்கிறேன் என்று சொல்லி, நிலைய எண்ணை வாங்கிச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112. முதியோர் உதவிக்கு 14567. தினமும் காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன். தாழ்ப்பாள் ஒன்று போதும், அது நல்லதாக இருந்தால். மூன்று தாழ்ப்பாளையும் திறந்துகொண்டு அவசரத்தில் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படுவது நோய் இல்லை. ஆனால் இரவில் நான்கைந்து முறை விழிப்பதும், மாதக்கணக்கில் வெளியே போகாமல் இருப்பதும் கவனிக்க வேண்டியவை. இந்த வயதில், துணையை இழந்த பிறகு, மனச்சோர்வு பல நேரம் பயத்தின் வடிவத்தில்தான் வருகிறது. ஒருமுறை நேரில் வாருங்கள். வர முடியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தூக்கம் சரியானாலே பாதி தெளிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி வேறு. உங்கள் கணவர் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், நீங்கள் அடுப்படியில் இருந்து கேட்பீர்கள் என்ற வரி. அப்போதும் கொலைச் செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவர் படித்துவிட்டு, 'இது வரப்புத் தகராறாகத்தான் இருக்கும்' என்றோ, 'பாவம், பிள்ளைகள் என்ன செய்யும்' என்றோ ஏதாவது சொல்லியிருப்பார். நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள். குக்கர் விசில் அடித்திருக்கும். செய்தி அந்தப் பேச்சோடு கரைந்து போயிருக்கும். இப்போது அதே செய்தி ஆள் இல்லாத வீட்டில், மௌனமாக, நேரே உங்களுக்குள் இறங்குகிறது. என் கிளினிக்குக்கு வரும் பெரியவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பேப்பரைத் தனியாகப் படிக்க நேர்ந்தவர்களைத்தான் அது அதிகம் பயமுறுத்துகிறது.

அதனால் பேப்பரை நிறுத்தாதீர்கள். மகன் அக்கறையில் சொல்கிறார். ஆனால் நிறுத்தினால் தாழ்ப்பாள் நான்காகும், அவ்வளவுதான். பொள்ளாச்சி போன்ற கொடுமை வெளியே வந்து, தீர்ப்புவரை போனதற்கு விடாமல் எழுதியவர்களும் ஒரு காரணம். படிக்கும் விதத்தை மாற்றுவோம். காலையில் பேப்பரைத் திண்ணையிலேயே விட்டுவிடுங்கள். நடை, குளியல், பலகாரம் எல்லாம் முடிந்து பத்து மணிக்கு மேல், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கோ கிளை நூலகத்துக்கோ போய், யாரோடாவது சேர்ந்து படியுங்கள். சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது. நோட்டையும் தூக்கிப்போட வேண்டாம். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்: எந்த ஊர், இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், செய்தவர் தெரிந்தவரா தெரியாதவரா, பிடிபட்டாரா, தீர்ப்பு என்ன. தெரியாவிட்டால் இடம் விட்டு வையுங்கள். அந்த இடத்தை நிரப்பும் செய்திக்காக உங்கள் கண் உள்பக்கங்களைத் தேட ஆரம்பிக்கும். அடிக்கோடு போடும் பேனாவை மட்டும் சில மாதம் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள்.

நாளிதழ்க்காரர்களுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தலைப்பு பரபரப்பாக இருக்கக் கூடாது, கீழே உள்ள செய்திக்குப் பொருந்த வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளே சொல்கின்றன. முதல் நாள் நான்கு பத்தியில் போட்ட குற்றத்துக்குக் கைதையும் காரணத்தையும் இரண்டு பத்தியிலாவது போடுங்கள். தனியாகப் படிக்கும் ஒரு பெரியவரை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

கடைசியாக அந்தப் பையன். இதை எழுத நீங்கள் எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்து நெருக்கமாக இருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வடமாவட்டங்களில் பரவியிருந்தபோது, குலதெய்வக் கோயிலைத் தேடிப் போளூர் பக்கம் போன சென்னை மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தது; இறந்துபோனார். அடித்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். இறந்தவர் ஏறத்தாழ உங்கள் வயதுக்காரர். 2023 மார்ச்சில் வேறொரு பொய் பரவியது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள். திருப்பூரில், கோவையில், வேலை செய்துகொண்டிருந்த பையன்கள் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்கள். அந்தச் சமயத்தில் நம் மலையில், லைன் வீட்டின் ஒற்றை பல்பு வெளிச்சத்தில், கதவைச் சாத்திக்கொண்டு போனில் அந்த வீடியோவைப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். உங்களிடம் தண்ணீர் கேட்டவன் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் பயம் இருந்திருக்கலாம், டீச்சர்.

அழுதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அழுகையை நான் நோயின் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த எஸ்டேட் மேஸ்திரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பிள்ளைகள் உங்களிடம் படித்தவர்களாகக்கூட இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கூட்டிக்கொண்டு லைனுக்குப் போய் வாருங்கள். அங்கே தமிழ் எழுத்து பிடிபடாமல் பள்ளிக்கூடத்தில் திண்டாடும் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தப் பையனின் பெயரையும் ஊரையும் கேட்டு, நோட்டின் பின்பக்கத்தில், அந்தச் செய்திகள் எதுவும் ஒட்டாத தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் நகல் அனுப்பும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.